இலக்கத்தகட்டின் நடுவில் ஓர் இடைவெளி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். ஜேர்மனியில் எங்கள் மாநிலத்தின் பெருந்தெருக்களில் வாகன இலக்கத்தகடுகளை வாசிக்கும் கமராக்களை இன்னும் கூட்டப்போகிறார்கள், அதற்காகப் பொலிஸ் சட்டத்தைத் திருத்துகிறார்கள் என்று அந்த வாரப் பத்திரிகைகளில் வந்திருந்தது. பஸ் ஓட்டும் அன்ரன் என்னைக் கண்டதும் அதைத்தான் கேட்டார்.

"ரெஜினா அக்கா, நீங்கள் உந்த வேலையில இருந்தனீங்கள்தானே? எங்கட கார் எங்க போகுது, எங்க நிக்குது எண்டு உவங்களுக்கு எல்லாம் தெரியுமோ?"

நான் வாய் திறக்க முதல் பக்கத்தில் நின்ற அவருடைய மனைவி சொன்னார்: "தெரிஞ்சால் தெரியட்டுமன். ஒளிக்க ஒண்டுமில்லாத ஆக்களுக்கு என்ன பயம்?"

இரண்டு பேருக்கும் தேநீர் ஆறுவதற்குள் சொல்லக்கூடிய பதில் என்னிடம் இருக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி விடவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் மன்னாரைச் சேர்ந்தவள். எண்பதுகளில் கிழக்கு பேர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கி, அங்கிருந்து மேற்கு பேர்லினுக்குள் நுழைந்த எத்தனையோ பேரில் ஒருத்தி. முதல் மூன்று வருடம் அலுவலகங்களில் தரை துடைத்தேன். பிறகு ஜேர்மன் மொழியான டொச் படித்து, கணினித் துறையில் ஒரு அவுஸ்பில்டுங், அதாவது வேலையோடு சேர்ந்த தொழிற்பயிற்சி, கிடைத்தது. நகரசபை ஒன்றின் கணினி நிலையத்தில் பல வருடம் இருந்தேன். கணவருக்கு வேறு மாநிலத்தில் வேலை கிடைத்ததால் இங்கே வந்தோம். இங்கேதான் மாநிலத் தரவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் தொழில்நுட்பப் பரிசோதகராகச் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அதே அலுவலகம், இரண்டாம் மாடி, படிக்கட்டுக்குப் பக்கத்து அறை.

எங்கள் வேலை என்னவென்று உறவினர்களுக்கு விளக்குவது எப்போதும் கஷ்டம். ஜேர்மனியில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இப்படி ஓர் அலுவலகம் உண்டு. ஆஸ்பத்திரியோ பள்ளிக்கூடமோ பொலிஸோ, மக்களைப் பற்றிய விபரங்களைச் சேர்த்து வைக்கும் எந்த இடத்துக்கும் போய், "எதை வைத்திருக்கிறீர்கள், ஏன் வைத்திருக்கிறீர்கள், எப்போது அழிப்பீர்கள்?" என்று கேட்கலாம். கேட்டால் பதில் சொல்லியே ஆகவேண்டும். பொலிஸ் நிலையத்துக்குள் கேள்வி கேட்கும் ஆளாக முதல் தடவை நான் நுழைந்த அன்று, வாசலிலேயே என்னையறியாமல் அடையாள அட்டையை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டேன். எங்களுடைய தலைமுறைக்கு அது ஏன் என்று விளக்கத் தேவையில்லை.

என்னுடைய மேலதிகாரி வேக்னர் அம்மையார். சட்டம் படித்தவர், உயரமானவர், குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. பரிசோதனைக்குப் போகும் நாட்களில் சுடுதண்ணிப் போத்தலில் புதினா தேநீர் கொண்டுவருவார். நாங்கள் பரிசோதிக்கும் இடத்தில் ஒரு கோப்பை கோப்பிகூட வாங்கிக் குடிக்கமாட்டார். "நன்றி, எங்களிடம் இருக்கிறது" என்று சிரித்துக்கொண்டே எனக்கும் ஒரு கோப்பை ஊற்றித் தருவார். அவருக்கென்று ஒரு தாள் உண்டு. நடுவில் பென்சிலால் ஒரு கோடு. இடது பக்கம் "கண்டது", வலது பக்கம் "கேட்டது". நான் எந்த அறிக்கை கொண்டுபோனாலும் ஒவ்வொரு வரியாக விரல் வைத்து, "இது எந்தப் பக்கம்?" என்று கேட்பார். சேர்ந்த புதிதில் அது எனக்கு அவமானமாக இருந்தது. நான் சொல்வதை நம்பவில்லை என்றுதான் நினைத்தேன்.

இனி அந்தக் கமராவைப் பற்றி. பாலத்துக்கு அடியிலோ, தெருவோரம் நிற்கும் ஒரு வான் வண்டிக்குள்ளோ அதைப் பூட்டியிருப்பார்கள். கடந்து போகும் ஒவ்வொரு வாகனத்தின் பின்பக்கத் தகட்டையும் அது படம் எடுக்கிறது. படத்திலிருந்து எழுத்துகளையும் எண்களையும் வாசிக்கிறது. களவுபோன கார்கள், தேடப்படும் கார்கள் என்று பொலிஸாரிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. அதோடு ஒப்பிடுகிறது. பொருந்தாவிட்டால் அந்தப் படத்தை அந்தக் கணமே, தடயம் இல்லாமல் அழிக்கவேண்டும். பொருந்தினால் ஓர் உத்தியோகத்தரின் திரையில் மணி அடிக்கும். அவர் படத்தைத் தன் கண்ணால் பார்த்து, சரியா பிழையா என்று உறுதி செய்த பிறகுதான் யாரையும் மறிக்கலாம். நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் இதில் தெளிவாக இருந்தது. பட்டியலில் இல்லாத ஒருவரின் காரைக் கணநேரம் வாசித்து அழித்தாலும், அதுவும் அவருடைய உரிமையைத் தொட்டதுதான் என்றது. ஆகவே காரணமும் எல்லையும் இல்லாமல் அதைச் செய்யமுடியாது.

நான் ஓய்வு பெற நான்கு வருடம் இருக்கும்போது ஒரு முறைப்பாடு வந்தது. அனுப்பியவர் பெயர் தர்சினி. யாழ்ப்பாணத்துப் பெண், நாற்பது வயதைக் கடந்தவர். முன்பு பேர்லினின் நொய்கெல்ன் பகுதியில் இருந்தவர், எங்கள் மாநிலத்துக்குக் குடிவந்து இரண்டு வருடம். வீடு வீடாகக் காரில் போய் வயோதிபர்களைப் பராமரிக்கும் வேலை. குடிபெயர்ந்தாலும் பழைய இலக்கத்தகட்டையே வைத்திருக்கலாம் என்பதால் அவருடைய கார் இன்னும் பேர்லின் தகட்டோடுதான் ஓடியது.

ஆறு வாரத்துக்குள் மூன்று தடவை பொலிஸார் அவரை மறித்து, பத்திரங்களைப் பார்த்த பிறகு போகவிட்டிருக்கிறார்கள். மூன்றாவது தடவை ஒரு நோயாளியின் வீட்டு வாசலில். கையை இரண்டையும் காரின் முன்பக்கத்தில் வைக்கச் சொல்லி, அரை மணித்தியாலம். உள்ளே ஒரு முதியவர் இன்சுலின் ஊசிக்காகக் காத்திருந்திருக்கிறார். ஜன்னல்களில் அயலவர்கள். அந்த முதியவரின் மகள், இனி இந்தப் பெண்ணை அனுப்பவேண்டாம் என்று நிறுவனத்துக்குச் சொல்லிவிட்டார். நிறுவனம் அப்மானுங் கொடுத்தது. அதாவது எழுத்தில் ஓர் எச்சரிக்கை, இன்னொன்று வந்தால் வேலை போகும். அதோடு தர்சினியின் பிரஜாவுரிமை விண்ணப்பம் அப்போது பரிசீலனையில் இருந்தது. கடிதத்தின் கடைசி வரி: "நான் திருடி அல்ல. என் பெயரில் பொலிஸாரிடம் என்ன எழுதியிருக்கிறது என்று தயவுசெய்து பார்த்துச் சொல்லுங்கள்."

இரண்டாம் நாள் தொலைபேசியில் கூப்பிட்டார். என் பெயரைக் கேட்டதும் தமிழுக்கு மாறிவிட்டார்.

"அக்கா, நீங்கள் தமிழோ? கடவுளே! அக்கா, அவங்கள் என்னை ஏன் மறிக்கிறாங்கள் எண்டு சொல்லுறாங்களே இல்லை. மெசின் சொன்னது எண்டு மட்டும் சொல்லுறாங்கள்."

"பாக்கிறன் தர்சினி. ஆனா எல்லாருக்கும் செய்யிற மாதிரித்தான் செய்வன்" என்றேன். குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது.

அந்த அழைப்பை வேக்னர் அம்மையாரிடம் உடனே சொன்னேன். வழக்கிலிருந்து விலகவேண்டுமா என்று கேட்டேன். "அவரை முன்பு தெரியுமா?" "தெரியாது." "அப்படியென்றால் அழைப்பைக் கோப்பில் எழுதுங்கள், நேரத்தோடு. என் ஊர்க்காரர் முறைப்பாடு தந்தாலும் நான் அதைத்தான் செய்வேன். பிறகு வேலையைப் பாருங்கள்."

ஆனால் நான் வேலையைச் சரியாகப் பார்க்கவில்லை. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஒரு தமிழ்ப் பெண்ணுக்காகப் பரிந்து நிற்கிறேன் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்ற பயத்தில், நான் மற்றவர்களுக்குக் காட்டும் கவனத்தைக்கூட அவருக்குக் காட்டவில்லை. பொலிஸ் தொழில்நுட்பப் பிரிவுக்கு எழுதினேன். பதில் மரியாதையாக வந்தது: கருவி பரிசோதிக்கப்பட்டது, பிழை இல்லை, மூன்று தடவையும் தேடப்படும் ஒரு வாகனத்தின் இலக்கத்தோடு பொருந்தியது, மூன்றையும் உத்தியோகத்தர் கண்ணால் உறுதி செய்தார். அதை நம்பி, முறைப்பாட்டை முடித்துவைக்கும் கடிதத்தை எழுதிக் கையெழுத்துக்குக் கொண்டுபோனேன்.

வேக்னர் அம்மையார் நின்றபடியே வாசித்தார். பென்சிலை எடுத்து நான் எழுதியிருந்த வாகன இலக்கத்தில் வைத்தார்.

"இது எந்தப் பக்கம், ரெஜினா?"

"கண்டது."

"எங்கே கண்டீர்கள்?"

"பொலிஸ் அனுப்பிய அச்சுத்தாளில்."

"அப்போது அது கேட்டது. காரைக் கண்டீர்களா?"

காணவில்லை. அன்று பின்னேரமே தர்சினி வேலை செய்யும் நிறுவனத்தின் வாகனத் தரிப்பிடத்துக்குப் போனேன். வெள்ளைச் சின்னக் கார். தர்சினி வேலை உடுப்போடு ஓடிவந்து பக்கத்தில் நின்றார். நான் காரின் பின்னால் குந்தியிருந்து தகட்டைப் பார்த்தேன், பிறகு கையிலிருந்த தாளைப் பார்த்தேன், திரும்பத் தகட்டைப் பார்த்தேன்.

ஜேர்மன் தகட்டில் முதலில் இடத்தைக் குறிக்கும் எழுத்துகள். பிறகு ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில் இரண்டு வட்ட முத்திரைகள் ஒட்டியிருக்கும். அதற்குப் பிறகு மற்ற எழுத்துகளும் எண்களும். தர்சினியின் தகட்டில் பேர்லினைக் குறிக்கும் B, பிறகு முத்திரைகள், பிறகு AR. தாளில் இருந்ததோ இடைவெளி இல்லாத BAR. பேர்லினுக்கு B என்றால் பாம்பெர்க் நகரத்துக்கு BA. பாம்பெர்க்கில் பதிந்த ஒரு கார் BA, முத்திரைகள், R, அதே எண்கள் என்று இருக்கமுடியும். இடைவெளியை எடுத்துவிட்டால் இரண்டும் ஒன்று. இருக்கவேண்டிய இடத்தில் இல்லாமல்போன அந்த இரண்டு விரல் அகல வெறுமைதான் தர்சினியைத் திருடியாக்கியிருந்தது.

எழும்பி நின்றபோது எனக்கு முகம் சுட்டது. "தர்சினி, உங்களில பிழையில்லை" என்றேன். "என்னிலதான் பிழை. முதல் நாளே வந்து பாத்திருக்கவேணும்."

அவர் அழவில்லை. காரில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "ஊரில என்ர அண்ணாவை ஒரு தலையாட்டிதான் காட்டிக்குடுத்தவன். நாலு மாசம் உள்ளுக்க வைச்சிருந்தவங்கள். உதுவும் தலையாட்டிதானே அக்கா? முகம் தெரியாது, ஏன் ஆட்டினது எண்டும் கேக்க ஏலாது."

போர்க்காலத்தில் இராணுவத்தார் முகத்தை மூடிய ஆளை ஜீப்புக்குள் இருத்தி, ஊர்ச்சனத்தை வரிசையில் நடக்கவிட்டு, அவன் தலையை ஆட்டினால் பிடித்துக்கொண்டு போவார்கள். அந்த வரிசையில் நடந்தவர்களுக்கு அந்தச் சொல் போதும்.

"இதைக் கேக்க ஏலும்" என்றேன். "நாளைக்குப் போய்க் கேக்கிறன்."

மறுநாள் வேக்னர் அம்மையாரும் நானும் தேநீர்ப் போத்தலோடு பொலிஸ் தொழில்நுட்பப் பிரிவுக்குப் போனோம். அங்கே பொறுப்பாக இருந்தவர் பிரான்ட் என்ற உத்தியோகத்தர். ஐம்பது வயது, கண்ணாடி, மேசையில் ஒரு கள்ளிச்செடி. முதலில் விறைப்பாகத்தான் இருந்தார். மணி அடிக்கும் திரையை எங்களுக்குக் காட்டச் சொன்னேன். மேலே தபால் முத்திரை அளவில் ஒரு படம். அதற்குக் கீழே பெரிய எழுத்தில் கருவி வாசித்த இலக்கம், பக்கத்தில் பட்டியலில் இருந்த இலக்கம், இரண்டும் பச்சை நிறத்தில். கீழே ஒரே ஒரு பொத்தான்: "உறுதி".

"உங்கள் ஆட்கள் படத்தைப் பார்க்கிறார்களா, பச்சை நிறத்தைப் பார்க்கிறார்களா?" என்று வேக்னர் அம்மையார் கேட்டார்.

பிரான்ட் கதிரையை இழுத்தார். தானே உட்கார்ந்து தர்சினியின் மூன்று படங்களையும் பெரிதாக்கினார். முத்திரைகள் B-க்கும் A-க்கும் நடுவில் இருப்பது மூன்றிலும் தெளிவாகத் தெரிந்தது. தேடும் பட்டியலின் மூலப்பதிவைத் திறந்தார். அதில் இடைவெளி சரியான இடத்தில் இருந்தது. கருவிக்கு ஏற்றும்போதுதான் அது விழுந்துபோயிருந்தது. "இதை நான் பார்த்திருக்கவேண்டும்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு அவர் எங்களோடு சேர்ந்து தேடத் தொடங்கினார்.

அடுத்த கேள்வியை நான் கேட்டேன்: பொருந்தாத படங்கள் உடனே அழிகின்றன என்று எப்படி எனக்குத் தெரியும்? அழிக்கும் கட்டளையைக் காட்டினார். அது வேலை செய்தது. ஆனால் கணினி வட்டில் மிச்சம் இருக்கவேண்டிய இடத்தைவிடக் குறைவாக இருந்தது. எங்கே போனது என்று இருவரும் ஒவ்வொரு கோப்புறையாகத் திறந்து பார்த்தோம். மதியத்துக்குச் சற்று முன் அது அகப்பட்டது. கருவியைப் பொருத்தியபோது சோதனைக்காக உண்டாக்கிய ஒரு கோப்புறை. அதை நிறுத்த யாரும் நினைக்கவில்லை. எந்தப் பட்டியலிலும் இல்லாத மனிதர்களின் கார்கள், நேரத்தோடும் திசையோடும், மாதக்கணக்காக அங்கே சேர்ந்துகொண்டிருந்தன. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததல்ல. எனக்கு அதுதான் கூடுதலாகப் பயம் தந்தது.

உடனே அழிக்கலாமே என்றார் பிரான்ட். வேக்னர் அம்மையார் மறுத்தார். "மூடி முத்திரை வையுங்கள். முறைப்பாடு செய்தவருக்குத் தன்னைப் பற்றி என்ன இருந்தது என்று அறிய உரிமை உண்டு. அதைக் கொடுத்த பிறகு அழிப்போம், எங்கள் முன்னால்."

தர்சினிக்கு அவருடைய பட்டியல் தபாலில் போனது. அதைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தார், விளங்கப்படுத்தச் சொல்லி. திகதி, நேரம், திசை. அவருடைய நோயாளிகளின் வீடுகள் எந்தப் பக்கம், யாரிடம் எத்தனை மணிக்குப் போனார் என்பதெல்லாம் அதிலிருந்தே கணித்துவிடலாம்போல் இருந்தது. வாசித்துக்கொண்டுபோன அவருடைய விரல் ஓரிடத்தில் நின்றது. ஒவ்வொரு வியாழனும் மாலை ஆறு மணிக்குப் பக்கத்து நகரத்தை நோக்கி, எட்டு மணிக்குத் திரும்பி.

"இதுவும் இருந்ததோ?" என்றார். முகம் சிவந்துவிட்டது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"நான் நீந்தப் பழகிறன் அக்கா. அங்க ஒரு நீச்சல் தடாகத்தில பெரிய ஆக்களுக்குச் சொல்லிக்குடுக்கினம். வீட்டில ஒருத்தருக்கும் தெரியாது. நாங்கள் இந்தியாவுக்கு வள்ளத்தில போகேக்க என்ர சின்னம்மா கடலில விழுந்தவ. அதுக்குப் பிறகு எனக்குத் தண்ணி எண்டால் மூச்சு முட்டும். ஏலாமல் போனால் விட்டிடலாம், ஒருத்தரும் ஏன் விட்டனி எண்டு கேக்கக்கூடாது எண்டுதான் சொல்லேல்லை."

அன்ரனின் மனைவிக்கு மண்டபத்தில் நான் சொல்லமுடியாமல்போன பதில் இதுதான். தர்சினி செய்ததில் எந்தக் குற்றமும் இல்லை, வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனாலும் அது அவருடையது. யாருக்கு, எப்போது சொல்வது என்பதும் அவருடையது.

பிறகு அமைச்சில் ஒரு கூட்டம், பிரான்டும் வந்திருந்தார். அமைச்சின் மேலதிகாரி ஒருவர், இந்தக் கருவியால் களவுபோன கார்கள் கிடைக்கின்றன, ஒரு சிறு தவறுக்காக அதை முடக்குவதா என்று கேட்டார். வேக்னர் அம்மையார் அமைதியாகச் சொன்னார்: "முடக்கச் சொல்லவில்லை. சட்டம் உங்களுக்கு ஒரு சாவித் துவாரத்தைத்தான் தந்தது. நீங்கள் கதவைத் திறந்து வைத்திருக்கிறீர்கள்." யாரும் எதிர்பாராத விதமாகப் பிரான்ட் கையை உயர்த்தினார். பொத்தானை எடுத்துவிடலாம் என்றார். மணி அடித்ததும் படம் மட்டும் பெரிதாக வரட்டும். பட்டியலில் இருக்கும் இலக்கத்தை மறைத்துவிடுவோம். உத்தியோகத்தர் படத்தில் காண்பதை இடைவெளியோடு தானே தட்டச்சுச் செய்யட்டும். இரண்டும் ஒன்றானால் மட்டுமே ஆளை மறிக்கலாம். "ஒரு நிமிடத்துக்கும் குறைவான வேலை" என்றார். மேலதிகாரி அவரை முறைத்துப் பார்த்தார். ஆனால் இரண்டு மாதத்துக்குள் அது அப்படியே நடந்தது; பட்டியலைக் கருவிக்கு ஏற்றும்போது இடைவெளி விழாதபடியும் திருத்தினார்கள். மற்ற நிலையங்களின் கருவிகளும் திருத்தப்பட்டன. இப்போது வரும் புதிய சட்ட வரைவிலும் அந்த விதியைச் சேர்த்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

பிழை தங்களுடையது என்று பொலிஸார் தர்சினிக்கு எழுத்தில் மன்னிப்புக் கேட்டார்கள். அந்தக் கடிதத்தைக் கண்டதும் நிறுவனம் எச்சரிக்கையைக் கிழித்தது. அந்த முதியவரின் மகள் தானே தொலைபேசி எடுத்து, திரும்ப வரச் சொன்னாராம். பிரஜாவுரிமையும் அடுத்த வருடம் கிடைத்தது.

கோப்புறையை அழித்த நாளிலேயே புதிய முறையையும் பரிசோதித்தோம். ஒரு சனிக்கிழமை காலை, நல்ல வெயில். பரிசோதனைக்குத் தன் காரை ஓட்டிக்கொண்டு வரத் தர்சினி தானே முன்வந்தார். வேறு காரை வைத்துச் செய்யலாம், கட்டாயமில்லை என்று நான் சொல்லிப் பார்த்தேன். "இல்லை அக்கா, நான்தான் வரவேணும்" என்றார். தேடும் பட்டியலில் பாம்பெர்க் இலக்கத்தை ஏற்றியிருந்தோம். நானும் பிரான்டும் தெருவோரத்தில் நின்ற வானுக்குள், திரையின் முன்னால். கண்ணாடிக்கு வெளியே கார்கள் போய்க்கொண்டே இருந்தன. மணி அடிக்கவில்லை. கோப்புறை இருந்த இடத்தைத் திறந்து பார்த்தேன். வெறுமை. பிரான்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

என் தொலைபேசி அடித்தது. தர்சினி தெருவைக் கடந்து பெற்றோல் நிலையத்தில் நிறுத்திவிட்டு எடுத்திருந்தார். மூச்சு வாங்கியது.

"அக்கா, நான் போயிட்டன். கண்டனீங்களோ?"

"இல்லை தர்சினி" என்றேன். "ஒருத்தரும் காணேல்லை."

அவர் சிரித்தார், வானுக்குள் இருந்த பிரான்டுக்கும் கேட்கும் அளவுக்கு. "அப்ப இன்னொருக்கா வாறன், பாருங்கோ" என்று சொல்லிவிட்டுக் காரைத் திருப்பினார்.